படப்பைக்குப் போன கட்டில்

போன வருடம், ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது. கீழ்க்கட்டளையில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நோயாளிகளுக்குக் கட்டில், வீல்சேர், வாக்கர், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். கட்டில் என்றால் சாதாரணக் கட்டில் இல்லை. காலடியில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயருமே, ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், அது. என் கணவர் பொருளைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பார். நான் கடையில் உட்கார்ந்து போன் எடுப்பேன். கடைக்கு வாயே நான்தான் என்று அவர் கேலி செய்வார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

எங்களுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. ஒரு கம்பெனிக்காரர்கள் செய்து கொடுத்தது. அவர்கள் ஒரே விஷயத்தை ஒருமுறை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி வரிசையாகப் பக்கங்கள் போட்டிருந்தார்கள். சேலையூருக்கு ஒன்று, மேடவாக்கத்துக்கு ஒன்று, முடிச்சூருக்கு ஒன்று, படப்பைக்குக்கூட ஒன்று. எந்த ஊர்க்காரர் தேடினாலும் எங்கள் கடை மேலே வந்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. எனக்கானால் பெருமையில் தலைகால் புரியவில்லை. இத்தனை ஊரில் கிளை வைத்திருப்பது போல இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில்கூட போனை எடுத்துக் காட்டினேன்.

பெருமை வந்தது, வாடிக்கை வரவில்லை. கடைக்கு வரும் போன் வரவரக் குறைந்தது. கூப்பிட்டவர்களும் பாதியில் வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே புதிதாக இன்னொரு கடை வேறு வந்தது. இப்படியே போனால் கடையைத் தூக்கிவிட்டு வேறு ஏதாவது பார்க்க வேண்டியதுதான் என்று என் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் அப்படியெல்லாம் சட்டென்று பேசுகிறவர் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். வெப்சைட்டுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். கன்டென்ட் ரைட்டர் என்கிறார்கள். சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் வீடு, பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை, ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் லேப்டாப். எங்களிடம் வாக்கர் எடுத்த ஒருவர்தான் அவரைப் பற்றிச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வந்தவர் எழுதுவார் என்று பார்த்தால் எழுதவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க உங்க வேலையப் பாருங்க அக்கா. போன் வந்தா மட்டும் ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். அடுத்த நாளும் அதே கதை. டீ குடித்தார், போன் பேச்சைக் கேட்டார், போய்விட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதச் சொன்னால் இந்தப் பெண் கடையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறதே என்று கணவரிடம் சொல்லிக்கூட வைத்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது லேப்டாப்பைத் திறந்து, எங்கள் படப்பைப் பக்கத்தை எடுத்து, "கொஞ்சம் சத்தமா படிங்க அக்கா" என்றார்.

படித்தேன். படப்பையில் சிறந்த பேஷண்ட் கட்டில் வாடகைக்குத் தேடுகிறீர்களா, படப்பையில் சிறந்த பேஷண்ட் கட்டில்களை படப்பை மக்களுக்கு படப்பையிலேயே வாடகைக்கு வழங்கும் சிறந்த பேஷண்ட் கட்டில் நிறுவனம் நாங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கியது. பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"ரெண்டு நாளா போன் கேட்டேன். ஒருத்தர்கூட சிறந்த கட்டில் இருக்கான்னு கேக்கல. லிஃப்ட் இல்ல, மாடிக்கு ஏத்துவீங்களான்னு கேக்கறாங்க. இன்னிக்கே வருமான்னு கேக்கறாங்க. ராத்திரி மெஷின் நின்னுபோனா யாரைக் கூப்பிடறதுன்னு கேக்கறாங்க. அதேதான் தேடும்போதும் டைப் பண்றாங்க. பாதிப்பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறாங்க. அவங்க கேக்கறது தலைப்பா இருந்தா நெட்ல தேடித் தர்ற மெஷினுக்கும் புரியும். கீழ நேரா பதில் இருந்தா படிக்கறவங்களுக்கும் நிம்மதி. ரெண்டு பேருக்கும் தனித்தனியா சமைக்க வேண்டாம் அக்கா" என்றார்.

எனக்கு அப்போதுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது வேலை என்று புரிந்தது. அதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டதால் நான் எழுந்து போய்விட்டேன். பழைய பக்கங்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவு. அவர் எழுத ஆரம்பித்தார். ஆனால் பழையது இன்னும் இணையத்தில் அப்படியேதான் இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலை. என் கணவர் கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு மேடவாக்கத்துக்கு ஆக்சிஜன் மெஷின் மாட்டப் போயிருந்தார். அந்தப் பெண் ஏதோ சந்தேகம் கேட்க வந்திருந்தார். போன் அடித்தது. பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டேன்.

ஒரு பெண் குரல். படப்பை என்றார். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார், இன்று டிஸ்சார்ஜ். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் இல்லாமல் வீட்டில் படுக்க வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "உங்க வெப்சைட்ல படப்பைக்கு உடனடி டெலிவரின்னு போட்டிருக்கு. அத நம்பிதான் ஒத்துக்கிட்டேன். பில் முடிஞ்சிடுச்சு, ஆம்புலன்சும் சொல்லியாச்சு. நாங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள கட்டில் வந்துடும் இல்லீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் படப்பைக்குப் போனதே இல்லை. தாம்பரத்தைத் தாண்டினாலே என் கணவர் முனகுவார். "மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லி, இன்னொரு போனில் தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவரிடம் அன்று ஒரு கட்டில்கூட காலி இல்லை. பக்கத்துக் கடைக்கும் கேட்டேன், அவ்வளவு தூரம் முடியாது என்றார்கள். இந்த அம்மா லைனில் காத்திருக்கிறார். வெப்சைட் செய்தவர்கள் தவறாகப் போட்டுவிட்டார்கள், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம் என வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண் என் கையைத் தொட்டார். மெதுவாக, லைனில் கேட்காத மாதிரி, "அவங்க உங்களக் கேட்டு முடிவு பண்ணல அக்கா. பேஜைக் கேட்டு முடிவு பண்ணியிருக்காங்க. அது வர்றோம்னு சொல்லிடுச்சு. உங்க கடை பேர்ல சொல்லிடுச்சு" என்றார்.

கோபம்தான் முதலில் வந்தது. நான் எழுதினேனா, இவள் எழுதினாளா? யாரோ எழுதியதற்கு நான் ஏன் படப்பை வரை ஓட வேண்டும்? ஆனால் அதற்குப் பதில் சொல்லும் நேரமில்லை. அந்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. "வருது மேடம். நீங்க கிளம்புங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் தூக்க ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நான் இருக்கேனே" என்றார் அவர். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டார். அவர் எழுதிய பக்கமும் இல்லை அது, அவர் கடையும் இல்லை. போனாலும் போகாவிட்டாலும் அவருக்குக் கிடைப்பதில் ஒன்றும் மாறப்போவதில்லை. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை, பிறகுதான் யோசித்தேன்.

வழக்கமாக வரும் லோடு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். ஊரைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். "இன்னா மேடம், படப்பையா? வானத்தப் பாத்தீங்களா, எப்ப வோணா கொட்டும் போல கீது. முடிச்சூர் ரோட்ல தண்ணி நின்னா பேஜாராப் பூடும்" என்றார். சொன்னாரே தவிர அவரும்தான் கூடச் சேர்ந்து தூக்கினார். வாசல் பக்கமாக நின்ற கட்டிலை ஏற்றினோம். கடையைப் பூட்டிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

பல்லாவரம் வருவதற்குள் அந்தப் பெண் என் போனை வாங்கிப் படப்பை அம்மாவைக் கூப்பிட்டார். கடையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வீடு கீழா மாடியா என்றார். மாடி. லிஃப்ட் உண்டா? இல்லை. படி நேராகப் போகுமா, திரும்புமா? நடுவில் திரும்பும், ஒடுக்கமான படி, பீரோ ஏற்றவே கஷ்டப்பட்டோம் என்று பதில் வந்தது.

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, பின்னாடி இருக்கறது கழட்டற கட்டிலா?"

நாங்கள் ஏற்றியது ஒரே சட்டமாக வெல்டிங் வைத்த கட்டில். படியில் திருப்பவே முடியாது. போல்ட்டைக் கழற்றி இரண்டாகப் பிரிக்கிற கட்டில் கடையில் உள்ளே இருந்தது. இத்தனை வருடமாக ஒவ்வொருவரிடமும் நானே கேட்கிற கேள்வி அது. அன்றைக்குப் பார்த்து, போவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் கேட்க விட்டுப்போனது. நேரே போயிருந்தால், அந்தப் பெரியவர் ஆம்புலன்சில் இருக்க, கட்டில் மாடிப்படிக்குக் கீழே நின்றிருக்கும்.

"திருப்புங்க அண்ணா" என்றார் அவர்.

"ஏத்திகினு வந்தத எறக்கிட்டு மறுபடி ஏத்தணுமா? நல்லாக் கீது" என்றார் ஆட்டோக்காரர். ஆனால் திருப்பிவிட்டார். கடைக்கு வந்து அதை இறக்கி, மற்றதை ஏற்றினோம். ஸ்பேனரையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டோம். மறுபடி பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. நான் வாயில் வந்த துஆவெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவரும் ஜெபம்தான் செய்தார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. முடிச்சூர் தாண்டியதும் தூறல் பிடித்தது.

படப்பையில் கடைத்தெருவைத் தாண்டி அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். கீழ் வீட்டு அம்மா சாவியோடு வாசலில் நின்றிருந்தார். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஆட்டோக்காரர் சட்டத்தின் ஒரு பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். அடுத்த பாதியை நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தோம். படி திரும்பும் இடத்தில் சுவரில் உரசி என் விரல் தோல் போனது. அந்தப் பாதியே அப்படித்தான் போனது, முழுக் கட்டிலாக இருந்தால் என்னவாகியிருக்கும் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

என் கணவர் மாட்டுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், நானாக மாட்டியதில்லை. போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்தப் பெண் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம், அப்பாவை அதுலயே உக்கார்ந்தாப்பல வச்சிருங்க" என்று குரல் கொடுத்தார். மெத்தையைப் போட்டோம். கைப்பிடியைச் சுற்றினேன், தலைப்பக்கம் உயர்ந்தது. என் வாழ்நாளில் அந்தக் கைப்பிடியை அவ்வளவு சந்தோஷமாகச் சுற்றியதில்லை.

பெரியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் அவருக்கு மூச்சு இரைத்தது. பிறகு மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, "யாரும்மா இவங்க?" என்று மகளிடம் கேட்டார். "கட்டில் கடைக்காரங்கப்பா" என்றார் மகள். அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் சொன்னார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

திரும்பும்போது மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வண்டியில் அவர் கேட்டார், "அக்கா, இனிமே படப்பைக்கு வருவீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. வருவீங்கன்னா எழுதறேன். இல்லன்னா இன்னிக்கே அந்தப் பேஜ எடுத்துடறேன்."

இதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைக்கு நடந்ததை வைத்து அவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கலாம். நானாக இருந்தால் எடுத்திருப்பேன், அதுவும் வாரக்கணக்கில். அவர் கேட்டது முடியுமா முடியாதா என்பதை மட்டும்தான். எல்லா நாளும் முடியாது, முதல் நாளே சொன்னால் வரலாம் என்றேன். அன்று சாயங்காலமே பழைய பக்கங்கள் எல்லாம் போய்விட்டன.

புதிதாக வந்தது ஒரே பக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் தலைப்பு. வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், படி திரும்புகிறதா பாருங்கள், கட்டில் வந்து மாட்டிய பிறகு ஆம்புலன்சைக் கிளப்புங்கள் என்று வீட்டு மனுஷர் சொல்வது போல இருந்தது. எந்தெந்த ஊருக்கு அன்றே வருவோம், எந்தெந்த ஊருக்கு முதல் நாளே சொல்ல வேண்டும் என்று ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. இன்றே அவசரமாக வேண்டும், நாங்கள் தூரம் என்றால், உங்கள் ஊர்க் கடையில் இதையெல்லாம் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

என் கணவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அடுத்த கடைக்குப் போகச் சொல்லி நம்ம காசுல எழுதறதா? இத்தன ஊர் பேரையும் எடுத்துட்டா தேடறவங்களுக்கு நாம எப்படிக் கிடைப்போம்?"

"தேடற மெஷினும் இப்ப அதத்தான் பாக்குது அண்ணா. வந்தவங்க படிச்சாங்களா, வந்த வேகத்துல ஓடிட்டாங்களான்னு. ஓடிட்டாங்கன்னா எத்தன தடவை படப்பைன்னு எழுதினாலும் கீழ தள்ளிடும்" என்றார் அவர் சிரித்தபடி.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. சில மாதம் ஆயிற்று. முதலில் நான் கவனித்தது போனில்தான். கூப்பிடுகிறவர்கள் நான் கேட்பதற்கு முன்பே, "வாசல் அளந்துட்டேங்க, படி நேராத்தான் போகுது" என்று ஆரம்பித்தார்கள். பாதியில் வைப்பவர்கள் குறைந்தார்கள். தேடிப் பார்த்தால் நாங்களும் மெல்ல மெல்ல மேலே வந்திருந்தோம். கடையைத் தூக்குகிற பேச்சை என் கணவர் பிறகு எடுக்கவே இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அந்தப் படப்பை அம்மா கூப்பிட்டார். அப்பா இப்போது சாதாரணமாகப் படுக்கிறார், வாசல் வரை நடக்கிறார், கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், ஒரு விஷயம். அன்னிக்கு வரைக்கும் நாங்க படப்பைக்கு வந்ததே கிடையாது. வெப்சைட்ல இருந்தது பொய்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் மேடம்" என்றார். "உங்க ஆட்டோக்காரர் அன்னிக்கே கீழ நின்னு எங்க கீழ் வீட்டு அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். பாதி வழியில திரும்பிப் போய் வேற கட்டில் எடுத்துட்டு வந்ததையும் சொன்னார். பொய்ய மெய்யாக்க ரெண்டு பொம்பளைங்க கட்டிலத் தூக்கிட்டு வந்திருக்காங்கன்னு எங்க தெருவுல எல்லார்கிட்டயும் உங்க நம்பரக் குடுத்து வச்சிருக்கேன்."

அதைக் கேட்டதும் முதலில் சிரித்தேன், அப்புறம் கண் கலங்கிவிட்டது. சேலையூருக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணிடம் அப்படியே சொன்னேன். "அவங்க தெருவுக்கு எந்த நாள் வர முடியும்னு சொல்லுங்க அக்கா, பேஜ்ல சேத்துடறேன்" என்றார்.

இப்போதும் யாராவது போனில் உங்கள் வெப்சைட் பக்கத்தில் படித்தேன் என்று ஆரம்பித்தால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் தூங்கும்போதும் தொழும்போதும் என் பெயரில் யாரோ ஒருவருக்கு அந்தப் பக்கம் வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அந்த வாக்கைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியது நான்தான் என்று எனக்குப் புரியவைத்தது கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் கூட ஏறிய பெண்தான்.